மொட்டை மாடியைப் பூட்டியவள் சொல்கிறேன்

2020 மார்ச் 28, சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக் கதவைப் பூட்டினேன். கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்ததால் புதுப் பூட்டுக்கு வழியில்லை. ரயிலில் சூட்கேஸைச் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வைத்திருந்த சின்னப் பூட்டைத்தான் எடுத்துப் போனேன். 39 நாள் கழித்து எல்லோரும் நடப்பதற்காக அதே கதவை நானே திறந்தேன். நடுவில் நடந்த சண்டைகளில் பாதிக்கு நான்தான் காரணம்.

நங்கநல்லூரில் இருக்கிறோம். கீழே கார் நிறுத்துமிடம், மேலே நாலு மாடி, ஏ, பி என்று இரண்டு படிக்கட்டு, மொத்தம் 32 வீடு. மொட்டை மாடி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அந்த வருடம் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். யாரும் முன்வராததால் என் தலையில் விழுந்த பதவி அது. தண்ணீர் லாரிக்குச் சொல்வது, லிஃப்ட் பராமரிப்புக்குப் பணம் வசூலிப்பது, கார் நிறுத்தும் தகராறைத் தீர்ப்பது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

பூட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. மார்ச் 24 மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை. அன்று ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். பூங்கா, மைதானம் எல்லாம் மூடியாயிற்று. அதுவரை அங்கே நடந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மாடி ஏறினார்கள். வெள்ளிக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தேன், 34 பேர். ஒரு மூலையில் பையன்கள் கிரிக்கெட். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஐந்தாறு பேர் தோளோடு தோள் நின்று இத்தாலியில் என்ன நடக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதே வாரம்தான் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று ஏ பிளாக்கில் ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குப் போன் மேல் போன். "நீங்கதான் ஏதாவது பண்ணணும் மேடம்" என்றார்கள். நான் பண்ணியது பூட்டு.

கதவில் ஒரு தாளும் ஒட்டினேன்: "மறு அறிவிப்பு வரும்வரை மொட்டை மாடி மூடப்படுகிறது. செயலாளர்." இன்றைக்கு அந்தத் தாளை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் மூடுகிறோம், எதுவரை மூடுகிறோம், யாரிடம் பேசலாம் என்று எதுவுமே அதில் இல்லை. பள்ளியில் இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் ஆசிரியர்கள் அறையில் முதலில் முணுமுணுப்பவள் நான்தான்.

எனக்கு இருந்த குழப்பம் அப்போது ஊர் முழுக்க இருந்தது. அரசு உத்தரவு எது திறந்திருக்கும் என்று பட்டியல் போட்டது. மளிகை, காய்கறி, பால், மருந்து, வங்கி எல்லாம் இருந்தது. நடைப்பயிற்சி என்ற சொல் அதில் இல்லை. இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றார்கள். பிரான்சில் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், கையில் நாமே எழுதிக்கொண்ட சீட்டு. நமக்கு அப்படி எதுவும் கிடையாது. தெருவில் நடந்தால் தப்பு, அது தெளிவு. மொட்டை மாடி வீட்டில் சேர்ந்ததா, தெருவில் சேர்ந்ததா? எந்த உத்தரவும் இதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாத இடத்தில் சாவி வைத்திருப்பவர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடுகிறது. அந்த வசதி எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். முப்பது வருடமாகக் காலை நடை தவறாதவர். மாடி பூட்டியதும் கையில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்ப ஆரம்பித்தார். பால் பூத் தெருமுனையில். அவர் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். நாலாவது நாள் மெயின் ரோட்டில் நின்ற போலீஸ்காரர், "ஐயா, உங்களை இன்னைக்கு மூணாவது தடவை பாக்கறேன். பையில பால் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற இளைஞர்களுக்குத் தோப்புக்கரணம். வயதைப் பார்த்து இவரை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் கொச்சி பனம்பிள்ளி நகரில் காலை நடை போன 41 பேரை ட்ரோன் வைத்துக் கண்டுபிடித்துக் கைது செய்த செய்தி வந்தது. அதை எங்கள் வாட்ஸாப் குழுவில் யாரோ போட, சார் குழுவை விட்டே வெளியேறினார்.

அதற்கு அடுத்த நாள் ஏப்ரல் 5. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்ன நாள். வாசலிலோ பால்கனியிலோ ஏற்றச் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு மாடிதான் வேண்டும். எட்டு மணியிலிருந்து வாசலில் வந்து கேட்டார்கள். "சாமி காரியம் மாதிரி மேடம், மறுக்காதீங்க." திறந்துவிட்டேன். அறுபது பேருக்குக் குறையாது. அகல் விளக்கு, மெழுகுவர்த்தி, செல்போன் வெளிச்சம், தட்டுச் சத்தம். ஒன்பதரைக்கு எல்லோரையும் இறக்கிவிட்டு மறுபடி பூட்டும்போது, ஒன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, ஐ.டி. கம்பெனியில் வேலை, வாடகைக்கு இருப்பவள், என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, விளக்குக்குத் திறக்கலாம், நடக்கத் திறக்கக் கூடாதா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "கீழே போம்மா, நேரமாச்சு" என்றேன்.

அப்புறம் வந்தது அந்தப் படம். ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாக எச்சில் துளிகள் வால் மாதிரி நீள்கிற படம். நெதர்லாந்தின் ஐந்தோவனிலும் பெல்ஜியத்திலும் இருந்த ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்தது. நடப்பவருக்குப் பின்னால் நாலைந்து மீட்டர், ஓடுபவருக்குப் பின்னால் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்று கூடவே ஒரு செய்தி. ஒரே நாளில் மூன்று பேர் அதைக் குழுவில் போட்டார்கள். அது காற்றோட்டம் பற்றிய கணக்கு. முன்னின்று செய்தவர் சைக்கிள் பந்தய வீரர்களைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்று ஆராய்கிறவர். அந்த நேரத்தில் மற்ற நிபுணர்கள் சரிபார்த்து வெளிவந்த கட்டுரைகூட இல்லை. துளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அதனால் நோய் தொற்றுமா என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அந்தப் படத்தைப் பார்த்ததும் "பாத்தீங்களா, நான் பூட்டினது சரிதான்" என்று நானும் ஒரு வரி போட்டேன். கணக்கு டீச்சர் செய்கிற காரியமா அது?

குழு இரண்டாகப் பிரிந்தது. மாடியைத் திறந்தால் எல்லோரும் செத்துப்போவோம் என்கிற கட்சி. நடக்காவிட்டால் அதற்கு முன்னாலேயே செத்துப்போவோம் என்கிற கட்சி. இரண்டு பக்கமும் பயம்தான் பேசியது. பயத்துக்குப் பெயர் மட்டும் வேறு. பூட்டக் கேட்டவர்களில் பெரும்பாலும் வீட்டில் எண்பது வயது தாய் தகப்பன் இருப்பவர்கள். திறக்கக் கேட்டவர்களில் பலர் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பிறகு சின்னக் குழந்தைகளை இரண்டு அறைக்குள் வைத்துச் சமாளிக்க முடியாத தாய்மார்கள். குழுவில் இந்தக் காரணத்தை ஒருவரும் எழுதவில்லை. "பொறுப்பில்லாதவர்கள்", "சர்வாதிகாரம்" என்றுதான் எழுதினார்கள். பின்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போனில் பேசியபோதுதான் காரணமே வெளியே வந்தது. குழுவில் ஐம்பது பேர் பார்க்கும்போது யாரும் தன் வீட்டுச் சங்கடத்தைச் சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு தகராறு வந்தால் முதல் வேலையாகக் குழுவை மூடிவைத்துவிட்டுப் பத்து வீட்டுக்குத் தனித்தனியாகப் போன் போடுங்கள். எனக்கு அது புரிய ஒரு மாதம் பிடித்தது.

என் மனம் மாறியது என் வீட்டுக்குள்ளேயே. மாமியாருக்கு அப்போது 71 வயது. பதினைந்து வருடச் சர்க்கரை. தினமும் காலையில் கோயில் வரை போய்வருவதுதான் அவருக்கு நடை, மருந்து, ஊர்க்கதை எல்லாமே. ஏப்ரல் மூன்றாம் வாரம் வெறும் வயிற்றில் சோதித்தபோது 212. வழக்கமாக 130, 140க்குள் இருப்பவர். மருத்துவரைப் போனில் பிடித்தேன். மருந்தை மாற்றாமல் முதலில் ஒரு விஷயம் கேட்டார்: "நடக்கறாங்களா?"

ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையைக் காலின் தசைகள் எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரே நீட்டாக ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். எங்கள் ஹால் 14 அடி. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து ஹால். அம்மா இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள், "என்னம்மா இது, செக்குமாடு மாதிரி" என்று உட்கார்ந்துவிட்டார். திரும்பித் திரும்பி நடந்ததில் முழங்கால் வலி வேறு. வீட்டுக்குள் நடக்க வேண்டிய நிலை வந்தால் இதை நினைவில் வையுங்கள்: சின்ன அறையில் சட்டென்று திரும்புவதுதான் முழங்காலைப் படுத்துகிறது. நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு அதைச் சுற்றி வட்டமாகப் போவது தேவலை; பாதி நேரம் வலமாக, பாதி நேரம் இடமாக.

அந்த வாரக் கடைசியில் ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடக் கிடையாது. 27ஆம் தேதி ராத்திரி எனக்கே மூச்சு முட்டியது. பகலெல்லாம் ஆன்லைன் வகுப்பு, நடுநடுவே சமையல், நாலு பேருக்கு நாலு வேளைப் பாத்திரம். பத்தரை மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டியைப் பார்க்க முப்பது வினாடி ஆகும். முப்பத்தைந்து நிமிடம் நடந்தேன். காற்று, வெறிச்சோடிய வானம், மீனம்பாக்கம் பக்கமிருந்து ஒரு விமானச் சத்தம்கூட இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

காலையில் நாலாம் மாடிக்காரர் குழுவில் எழுதியிருந்தார்: "நேற்றிரவு 10.40 முதல் 11.15 வரை என் தலைக்கு மேல் யாரோ நடக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்." கீழே வரிசையாகக் கும்பிடும் படங்கள்.

தொட்டி என்று எழுதத்தான் விரல் போனது. என் கணவர் போனை வாங்கி வைத்துவிட்டு, "ஆமான்னு எழுது. வேற எது எழுதினாலும் இந்த ஊர்ல நீ தெருவுல நடக்க முடியாது" என்றார். எப்படியும் தெருவில் நடக்க முடியாதே என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம், நான்தான் நடந்தேன். தப்பு. ஞாயிற்றுக்கிழமை மாடியில் இடைவெளி விட்டுக் கூடிப் பேசி ஒரு வழி செய்வோம்" என்று எழுதினேன்.

மே 3 ஞாயிறு. கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கூப்பிட்டதில் 19 பேர் வந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் ஸ்பெயின் செய்தி படித்திருந்தேன். ஏழு வாரம் ஓட, நடக்கக்கூடப் பெரியவர்களை வெளியே விடாத நாடு அது. மே 2 முதல் வயதுவாரியாக நேரம் பிரித்துவிட்டார்கள். பெரியவர்களுக்குக் காலை 6 முதல் 10, மாலை 8 முதல் 11. எழுபது வயது தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 12, மாலை 7 முதல் 8. குழந்தைகளுக்குப் பகல் 12 முதல் 7. எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. தாளில் கட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

இரண்டே நிமிடத்தில் உடைத்தார்கள். "எங்க அம்மாவைப் பேத்தி கையைப் பிடிச்சுத்தான் மாடி ஏத்தணும். பேத்தி எந்த நேரத்துல வருவா?" சென்னையில் மே மாதம் பகல் 12 மணிக்குக் குழந்தையை மொட்டை மாடிக்கு அனுப்பச் சொன்னதற்கு ஒரு தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அக்னி நட்சத்திரம் மறுநாள் ஆரம்பம்.

வயதை விட்டுவிட்டு மாடிவாரியாகப் பிரிக்கலாம் என்று சொன்னது அந்த ஒன்றாம் மாடிப் பெண். ஒரே தளத்தில் இருக்கிற நாலு வீடும் எப்படியும் ஒரே படி, ஒரே நடைபாதை. அவர்களுக்குள் புதிதாகப் பரவ ஒன்றுமில்லை. தொற்று வந்தாலும் யார் யார் சேர்ந்து இருந்தார்கள் என்று தேட வேண்டியதில்லை. இரண்டு பிளாக், நாலு தளம், எட்டுக் குழு. காலை ஐந்தரை முதல் எட்டரை வரை நாலு முறை, மாலை ஐந்து முதல் எட்டு வரை நாலு முறை. ஒவ்வொன்றும் 40 நிமிடம், நடுவே 5 நிமிடம் இடைவெளி, ஆள் மாறும்போது படியில் இடிபடாமல் இருக்க. ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மாலை. ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

வாராவாரம் மாற்றியது பெண்களுக்காக. முதலில் நிரந்தர நேரம்தான் போட்டிருந்தோம். ஏழே கால் முதல் எட்டு வரை கிடைத்த தளத்தில் ஒரு பெண்கூட மேலே வர முடியாது, ராத்திரிச் சமையல் நேரம். அதைச் சொன்னபோது ஒருவர், "எங்க வீட்டம்மாவுக்கு எதுக்கு வாக்கிங்? நாள் பூரா வேலைதானே செய்யறாங்க" என்றார். அவர் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை. என் பக்கத்தில் நின்ற மாமி சத்தமில்லாமல், "அந்த வேலையை அவர் நாலு நாள் செய்யட்டும், உடம்பு இளைக்கறதான்னு பாக்கலாம்" என்றார். அடுக்களையில் நின்றுகொண்டே இருப்பதும் கைவீசி நடப்பதும் ஒன்றாகாது. இதை அங்கேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தாளை எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே இறங்கும்போது வாட்ச்மேன் கேட்டார்: "எங்களுக்கு எந்த நேரம்மா?"

மோட்டார் அறைக்குப் பக்கத்தில் எட்டுக்குப் பத்து அடி அறையில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். 32 வீட்டுக்கும் ஜன்னல் உண்டு, பால்கனி உண்டு. அந்த அறைக்குக் காற்று வர ஒரு ஜாலித் துவாரம்தான். மூன்று மணி நேரம் பேசிய 19 பேரில் ஒருவருக்கும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான். காலை ஐந்தரைக்கு முன் முக்கால் மணி நேரம், மாலை எட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம் என்று பென்சிலால் சேர்த்தேன். அதற்கும் இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். "ஓனர் வீட்டுக்கே நாற்பது நிமிஷம், இவங்களுக்கு ரெண்டு வேளையா?" என்றார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நடைமுறையில் நிறைய சின்ன விஷயங்கள் கற்றுக்கொண்டோம். பி பிளாக் பக்கத்து மாடிக் கதவு வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. கீலில் தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்துத் திறந்தோம். ஏ பக்கம் ஏறு, பி பக்கம் இறங்கு. தரையில் கோலமாவால் அம்பு போட்டோம், எல்லோரும் ஒரே திசையில் சுற்ற. எதிரெதிரே வந்தால்தான் நம் ஆட்கள் நின்று பேச ஆரம்பிப்பார்கள். ஒரே திசையில் போனால் முன்னால் போகிறவரின் முதுகோடு எவ்வளவு பேச முடியும்? இந்த அம்பு ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்தது. தெற்கு மூலை வடாம், மிளகாய், துணிக்கு. அங்கே கோடு. ஒருநாள் கோட்டைத் தாண்டி யாரோ கூழ் வடாத்தின் மேல் செருப்புக் காலை வைத்துவிட, கொரோனாவை விடப் பெரிய பிரச்சினை ஆனது. அந்தக் கதை வேண்டாம்.

நாலாம் மாடிக்காரருக்காக ஒரு விதி: ஏழு மணிக்கு முன்னால் ஓட்டம், ஸ்கிப்பிங் கூடாது. நடை மட்டும். தலைக்கு மேல் ஐந்தரை மணிக்குத் தொம் தொம்மென்று கேட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அவர் மாடி திறப்பதை எதிர்த்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சத்தம்தான் என்று பிறகு சொன்னார். கிருமிக் காரணம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

முகக்கவசச் சண்டை தனி. நடக்கும்போது போட வேண்டுமா, வேண்டாமா? உடற்பயிற்சி செய்யும்போது முகக்கவசம் வேண்டாம், இடைவெளிதான் முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை ஒரு கட்சி பிடித்துக்கொண்டது. வெளியே வந்தால் கட்டாயம் என்ற உத்தரவை மறு கட்சி பிடித்துக்கொண்டது. கடைசியில் படியிலும் லிஃப்டிலும் கட்டாயம், மாடியில் மெதுவாக நடப்பவர் போடட்டும், வேகமாக நடப்பவர் கழற்றிக்கொண்டு தள்ளிப் போகட்டும் என்று முடித்தோம். இப்போது யோசித்தால் அந்தச் சமரசம் நாங்கள் நினைத்ததைவிடப் புத்திசாலித்தனமானது. காற்றிலும் பரவுகிறது என்பதைக் கவனியுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் கடிதம் எழுதியது அந்த ஜூலையில்தான். திறந்த மாடியில் நடந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள், நாலுக்கு நாலு அடி லிஃப்டில் மூன்று பேராகப் போய்க்கொண்டிருந்தோம். பூட்ட வேண்டியது எதுவோ அதைப் பூட்டவில்லை.

மே 4 முதல் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வெளியே வரக் கூடாது என்ற விதி வந்தபோது, மாடியும் வெளியேதான் என்று ஒருவர் வாதாடினார். வளாகத்துக் கதவுக்கு உள்ளே இருப்பது வீடு என்று தீர்மானித்து எழுதிவைத்தோம். பெங்களூரில் இருக்கிற என் தங்கை, மே 19 முதல் அங்கே பூங்காவையே காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் திறந்துவிட்டதாகச் சொன்னாள். எங்கள் தீர்மானம் அவ்வளவு மோசமில்லை என்று அப்போது ஒரு தெம்பு வந்தது.

புது அறிவிப்பைத் தமிழில் ஐந்து வரியில் எழுதினேன். காரணம் ஒரு வரி. நேரப் பட்டியல். "இந்த ஏற்பாடு மே 17 வரை. அன்று மீண்டும் பேசுவோம்." புகார் இருந்தால் குழுவில் போடாமல் இந்த இரண்டு எண்ணுக்குப் போன். யாரையும் படம் எடுத்துப் போடக் கூடாது. சாவி என்னிடம் இருக்காது, ஏ பிளாக் மின்சாரப் பெட்டிக்குள் ஆணியில் தொங்கும். தேதி போட்டதும் ஆச்சரியம், அதே ஆட்கள் சண்டை போடவில்லை. பிடிக்காதவர்கள் 17ஆம் தேதிக்குக் காத்திருந்தார்கள். அன்று வந்து சொன்னார்கள், இரண்டு மூன்று மாற்றினோம், மே 31 வரை நீட்டினோம்.

சோதனை ஜூனில் வந்தது. 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி கடும் ஊரடங்கு. அதே வாரத்தில் பி பிளாக் இரண்டாம் மாடியில் ஒருவருக்குத் தொற்று உறுதி. வீட்டு வாசலை அடைத்துத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி எனக்கு 11 போன், எல்லாம் ஒரே கோரிக்கை: "பூட்டுங்க." என்னிடம் பூட்டு இருந்தது. காய்ச்சல் கணக்கெடுக்க வீடு வீடாக வருகிற பெண்ணிடம் கேட்டேன். "அந்த வீட்டுக்காரங்க வெளிய வரக்கூடாதும்மா. மத்ததை நீங்க பாத்துக்கோங்க" என்று வெப்பமானியை நெற்றியில் காட்டிவிட்டுப் போனார். அந்தத் தளத்துக் குழு நாலு வீட்டுக்கும் 14 நாள் நேரம் நிறுத்தினோம். மற்ற ஏழு குழுவும் தொடர்ந்தன. நிறுத்திய நாலு வீட்டிலும் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. 15ஆம் நாள் நேரம் திரும்ப வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மற்ற தளக்காரர்கள் அவர்கள் வாசலில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டு வந்தார்கள். மே மாதத்துக்கு முன்னால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு வருத்தம் தீரவில்லை. பால் பை சார் கடைசிவரை மாடிக்கு வரவில்லை. இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். "எனக்கு ஒருத்தர்கிட்ட கேட்டு நடக்கப் பிடிக்கலைம்மா" என்றார். செப்டம்பரில் பூங்காக்கள் திறந்த பிறகுதான் மறுபடி நடக்க ஆரம்பித்தார். அந்த ஐந்து மாதத்தில் அவர் நடையே தளர்ந்துபோயிருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தால் அவர் நடந்திருப்பாரோ என்று இன்றும் தோன்றும்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் முழு ஊரடங்கு வந்தபோது கூட்டமே போடவில்லை. புதுச் செயலாளர் பழைய தாளை நகல் எடுத்து, தேதியை மட்டும் மாற்றிக் கதவில் ஒட்டினார். அந்த ஜூனில் பூங்காக்களைக் காலை ஆறு முதல் ஒன்பது வரை நடைக்குத் திறந்ததும் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். என் மாமியார் போகவில்லை. சர்க்கரை 140க்குத் திரும்பியிருந்தது. "அங்கே நாய் இருக்கு, இங்கே வடாம் இருக்கு" என்பார்.

தாள் இன்னும் கதவில் இருக்கிறது. வெயிலில் எழுத்து மங்கி, எந்தத் தளத்துக்கு எந்த நேரம் என்று படிக்கவே முடியாது. பென்சிலால் நான் சேர்த்த வரி மட்டும் தெரிகிறது. வாட்ச்மேன் வீட்டுப் பெரிய பெண் இப்போதும் ராத்திரி எட்டுக்கு மேலே போய்ப் படிக்கிறாள். அந்தச் சூட்கேஸ் பூட்டைப் போன வருடம் ராமேஸ்வரம் போகும்போது தேடினேன், கிடைக்கவில்லை.